அமிர்தவல்லி மாற்றாத எண்

ஜெகதாப்பட்டினம் கடைத்தெருவில் இ-சேவை மையம் வைத்திருக்கிறேன். பெயர் பிரகதீஸ்வரி. அவ்வளவு நீளத்தை வாயில் போட்டு மெல்ல இந்த ஊரில் யாருக்கும் பொறுமை கிடையாது, ஈஸ்வரி என்று வெட்டிவிட்டார்கள். வருமானச் சான்று, மீனவர் அட்டை, முதியோர் பென்ஷன் என்று எதற்கு வந்தாலும் என் கம்ப்யூட்டர் வழியாகத்தான் அரசாங்கத்தின் முகத்தைப் பார்க்க வேண்டும். அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. ஊருக்கே தெரிந்ததை நான் மறைத்து என்ன ஆகப்போகிறது. அந்தத் தலைக்கனம் ஒரு மனுஷியை என்ன செய்தது என்பதையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த மனுஷி அமிர்தவல்லி அக்கா. வயது நாற்பத்தாறு. மீமிசலுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரில் பிறந்து, பத்தொன்பது வயதில் உடையப்பனைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவர். ஒரே மகள் செல்வராணி, திருப்பூரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அக்காவுக்கு நண்டுக் கொட்டகையில் வேலை. வேகவைத்த நண்டை உடைத்துச் சதை எடுக்கிற வேலை அது. ஓடு கீறி விரல் முழுக்க வெட்டுக்காயம் இருக்கும், ஆனால் பேச்சில் ஒரு கீறல் இருக்காது. என் கடைக்குள் நுழையும்போதே, "என்ன ஈஸ்வரி, ஒஞ் சர்வரு இன்னைக்கு எந்திரிச்சுச்சா, இல்ல இன்னமும் தூங்குதா?" என்று கேட்டுக்கொண்டேதான் வருவார். காத்திருக்கிற பத்துப் பேரும் சிரிப்பார்கள். எனக்குக் கோபம் வரும், அப்புறம் நானும் சிரிப்பேன்.

உடையப்பன் அண்ணன் விசைப்படகு டிரைவர். இருபத்தைந்து வருட அனுபவம். கடலில் கண்ணைக் கட்டி விட்டாலும் கரை வந்து சேர்ந்துவிடுவார். கடைத்தெருவில் போர்டைப் படித்து ஒரு கடையைக் கண்டுபிடிக்கத் தெரியாது. இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர்.

எங்கள் ஊர்ப் படகுக்காரர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. கடலுக்குப் போகும்போது யாரும் சொந்தப் போனை எடுத்துப் போக மாட்டார்கள். எல்லை தாண்டினாய் என்று பிடிபட்டால் போனும் படகோடு போய்விடும், அதில் இருக்கிற நம்பரும் போய்விடும். முன்பு ஒருமுறை அப்படி மாட்டிய ஆறு பேரில் ஒருவருக்கும் வீட்டு நம்பர் மனப்பாடமாகத் தெரியவில்லை. நாற்பது நாள் உயிரோடு இருக்கிறார்களா என்றே வீட்டில் தெரியாமல் கிடந்தார்கள். அதற்குப் பிறகுதான் இந்த வழக்கம் வந்தது. போன் வீட்டில் இருக்கட்டும், ஒரே ஒரு நம்பர் மண்டைக்குள் இருக்கட்டும். புதிதாக ஒருவர் வேலைக்கு ஏறினால், படகு உரிமையாளர் சூசைராஜ் வலை இழுக்கத் தெரியுமா என்று அப்புறம்தான் கேட்பார். முதல் கேள்வி, "வீட்டு நம்பரச் சொல்லு பாப்பம்."

எழுத்து தெரியாத உடையப்பன் அண்ணனுக்கு அந்தப் பத்து எண்ணை ஏற்றுவதற்குள் அக்காவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. இரண்டிரண்டாகப் பிரித்து, ஐந்து துண்டாக்கி, சாப்பிடும்போது ஒரு தடவை, வலை தைக்கும்போது ஒரு தடவை என்று மூன்று வாரம் சொல்லிக்கொடுத்தார். கடைசித் துண்டு முப்பத்தாறு. அதை மட்டும் அண்ணன் அறுபத்து மூன்று என்பார். "சோத்தப் போட மாட்டேன்"னு மிரட்டித்தான் சரியாக்கினேன் என்று அக்கா சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து மூன்றாவது வாரம், ஒரு புதன்கிழமை மீன்வளத் துறையில் டோக்கன் வாங்கிக்கொண்டு போன படகு வியாழக்கிழமை திரும்பவில்லை. மத்தியானத்துக்குள் சேதி வந்துவிட்டது. ஐந்து பேரும் இலங்கையில்.

இப்படி நடந்தால் பெண்கள் படகுத்துறையில் நின்று வீடியோவில் பேசுவார்கள். படகு நம்பர், ஆட்களின் பெயர், வீட்டு போன் நம்பர், எல்லாம் சொல்வார்கள். எங்கேயாவது இருக்கிற யாராவது பார்த்து ஒரு தகவல் சொல்ல மாட்டார்களா என்கிற ஆசை. அன்றைக்கு வீடியோ எடுத்தது நான். அதைக் கோடிக்கணக்கான பேர் பார்க்கிற ஒரு வீடியோ செயலியில் ஏற்றியதும் நான். பெரிய கம்பெனி. பெயரை எழுதப்போவதில்லை, எழுதினால் அதற்கு ஓசியில் ஒரு விளம்பரம் ஆகிவிடும். ஏற்றும்போது என்னவோ நீளமாக ஒரு பக்கம் வந்தது. ஒப்புக்கொள்கிறேன் என்று இருந்ததை அழுத்தினேன். ஒரு நாளைக்கு நூறு பேருக்காக அப்படி அழுத்துகிறவள் நான். என்றைக்கு அதைப் படித்தேன்?

வீடியோவில் அக்கா அழுதுகொண்டே பேசினார். "எம் பேரு அமிர்தவல்லி. எங்க வீட்டுக்காரவுக பேரு உடையப்பன். அவுகளப் பத்தி எது தெரிஞ்சாலும் இந்த நம்பருக்குக் கூப்புடுங்கய்யா. எந்நேரமானாலும் கூப்புடுங்க, நான் எடுத்துருவேன்."

மற்ற நான்கு பேர் ஆறு வாரத்தில் வந்துவிட்டார்கள். படகை ஓட்டியவர் என்பதால் உடையப்பன் அண்ணனுக்கு மட்டும் ஒன்றரை வருடம் சிறை. பிடிபட்ட இருபத்து மூன்றாம் நாள் அவருடைய முதல் போன் வந்தது. அக்கா அப்போது என் கடையில்தான் இருந்தார். மணி அடித்த உடனே எடுத்தார்.

"அமிர்தம், நாந்தான். நம்பரச் சரியாச் சொன்னேன் பாத்தியா?"

ஒரு நிமிடம்கூடப் பேசியிருக்க மாட்டார்கள். சாப்பாடு, தூக்கம், மகள் சௌக்கியம், அவ்வளவுதான். போனை வைத்ததும் அக்கா என் தோளில் சாய்ந்து அழுதார். "முப்பத்தாறு சரியா வந்துருச்சுடி" என்றார்.

அதன் பிறகு பத்து நாளைக்கோ பதினைந்து நாளைக்கோ ஒரு முறை போன் வரும். அங்கே யாருடைய போன் கிடைக்கிறதோ அதிலிருந்து பேசுவார். இப்படி மூன்று நம்பரில் மாறி மாறி வந்தது. அடுத்த போன் வரும்வரை அந்த ஒரு நிமிடப் பேச்சை வைத்துத்தான் அக்காவின் பொழுது ஓடியது.

ஐப்பசி மழை தொடங்கிய சமயம், வேறு மாதிரி போன்கள் வர ஆரம்பித்தன. முதலில் வந்தவன், "பேசலாமா?" என்றான். அக்கா, "நீங்க யாருங்கய்யா, அவுகளப் பத்தி எதுவும் தெரியுமா?" என்று கேட்டிருக்கிறார். அவன் சிரித்தான். அப்புறம் அவன் சொன்னதை அக்கா என்னிடம்கூடச் சொல்லவில்லை. அன்றைக்கு இருபது போன். மறுநாள் நாற்பது. தமிழில், இந்தியில், எந்தப் பாஷை என்று தெரியாததில்.

என்ன ஏது என்று புரியாமல் நாங்கள் விழித்துக்கொண்டிருந்தபோது திருப்பூரிலிருந்து செல்வராணி கூப்பிட்டாள். அவள் வீட்டுக்காரர் போனில் ஒரு விளம்பரம் வந்ததாம். அவள் அனுப்பிவைத்ததை என் கடையில்தான் திறந்து பார்த்தோம். நான் ஏற்றிய அதே வீடியோ. படகும் இல்லை, புருஷன் பெயரும் இல்லை, அழுகையும் இல்லை. எல்லாவற்றையும் நறுக்கிவிட்டு, "எம் பேரு அமிர்தவல்லி. இந்த நம்பருக்குக் கூப்புடுங்கய்யா. எந்நேரமானாலும் கூப்புடுங்க" என்பதை மட்டும் ஒட்டியிருந்தார்கள். பின்னால் ஒரு பாட்டு. கீழே, உங்கள் அருகில் பேசக் காத்திருக்கும் பெண்கள் என்று எழுத்து. அந்தக் கம்பெனி நடத்துகிற இன்னொரு அரட்டைச் செயலிக்கு விளம்பரம் அது. ஜனங்கள் ஏற்றுகிற வீடியோக்களை இயந்திரத்தை வைத்து வெட்டி, இப்படி ஆயிரக்கணக்கில் செய்திருக்கிறார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது.

அக்கா அதை இரண்டு முறை பார்த்தார். "நான் அழுததெல்லாம் எங்க ஈஸ்வரி?" என்று கேட்டார்.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். புகாரை வாங்கிக்கொண்டார்கள். "கம்பெனி எங்கயோ இருக்கும்மா. மொதல்ல சிம்ம மாத்திருங்க" என்றார் எழுதிக்கொண்டிருந்தவர். தெருவில் பெண்கள் எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். சிம்மை மாற்றித் தொலைக்காமல் எதற்குக் கட்டிக்கொண்டு அழுகிறாள் என்று முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். போனை எடுத்துப் பேசுகிறாளே, என்னதான் பேசுகிறாளோ என்று கேட்டவர்களும் உண்டு. அந்த வாய்களை நான் மறக்கவில்லை.

மாற்றிப் பார்க்காமல் இல்லை. அண்ணன் கூப்பிட்டபோது அக்கா ஒரு புது நம்பரை வாங்கி வைத்துக்கொண்டு சொல்லிப் பார்த்தார். மூன்று வாரத்தில் ஏற்றியதை ஒரு நிமிடத்தில் மாற்ற முடியுமா? அவர் பழைய நம்பரில் பாதியும் புது நம்பரில் பாதியுமாகக் கலந்துகொண்டார். அடுத்த போன் வருவதற்கு இருபத்தெட்டு நாள் ஆனது. "கொழம்பிப்போச்சு அமிர்தம், யார் யாரோ எடுத்தாங்க" என்று அந்தப் பக்கம் அவர் அழுதாராம். அன்றைக்கே புது சிம்மை ஒடித்துப் போட்டார் அக்கா.

"பழசே இருக்கட்டும் மாமா. அத மட்டும் வச்சுக்கங்க. நான் மாத்தவே மாட்டேன்" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டார். ஏன் மாற்றச் சொன்னார் என்பதை அவரிடம் சொல்லவே இல்லை.

ஆகவே எல்லாப் போனையும் எடுத்தார். அந்த மூன்று நம்பர் போக நாளைக்கு வேறு யாருடைய போனிலிருந்து கூப்பிடுவாரோ, எது அவருடையது என்று எடுக்காமல் எப்படித் தெரியும்? முதல் மணியிலேயே எடுப்பார், பேச மாட்டார், காதில் வைத்துக் கேட்பார். கடல் தாண்டி வருகிற போனில் முதலில் ஒரு இரைச்சல் கேட்குமாம். அது இல்லை என்றால் வைத்துவிடுவார். அந்த இடைவெளிக்குள் அந்தப் பக்கத்து ஆள் ஒரு கெட்ட வார்த்தையாவது சொல்லி முடித்திருப்பான். நாளுக்கு ஐம்பது வார்த்தை என்று வைத்துக்கொள்ளுங்கள். போனைக் கேரிபேக்கில் சுற்றிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நண்டு உடைத்தார். ஈரக்கையோடு பத்து நிமிடத்துக்கொரு தடவை எழுந்தால் எந்த முதலாளி பொறுப்பார்? வேலை போனது. வீட்டு வாசலில் கருவாடு காயப்போட்டு விற்றார். மகள் வீட்டுக்குப் போவதை நிறுத்திக்கொண்டார், மருமகன் முகத்தில் விழிக்க வெட்கம். என் சர்வரைக் கேலி பண்ணுவதும் நின்றுபோனது. எலும்பும் தோலுமாக, போன் மணிக்குத் தூக்கிப்போடுகிற உடம்பாக ஆனார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வீடியோவை ஏற்றியவள் நான் அல்லவா? கம்பெனிக்கு எழுதினேன். உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம் என்று ஒரு பதில் வந்தது, நான்கு முறை, அதே பதில். அப்புறம்தான், ஆட்களின் சொந்தத் தகவலை அவர்கள் சம்மதம் இல்லாமல் கம்பெனிகள் பயன்படுத்தினால் அபராதம் போடுவதற்குப் புதுச் சட்டம் வந்திருக்கிறது, டில்லியில் அதற்கொரு வாரியம் இருக்கிறது என்று படித்தேன். ராவும் பகலுமாக உட்கார்ந்து புகார் எழுதினேன். எங்களைப் போல வேறு ஊர்களிலிருந்தும் நிறையப் பேர் எழுதியிருந்தார்கள். எல்லாவற்றையும் சேர்த்து விசாரணைக்கு எடுத்தார்கள்.

விசாரணை என் கடைக் கம்ப்யூட்டரில்தான் நடந்தது. டில்லி போக வேண்டியதில்லை, வீடியோவில் பேசினால் போதும். கம்பெனி வக்கீல் ஆங்கிலத்தில் பேசியதை ஒருவர் தமிழில் சொன்னார். வீடியோவை ஏற்றும்போது ஒப்புதல் பொத்தான் அழுத்தப்பட்டிருக்கிறது, ஆகவே கம்பெனிமேல் தவறில்லை என்றார். அழுத்திய விரல் என்னுடையது.

"நீங்கள் சம்மதித்தீர்களா அம்மா?" என்று கேட்டார்கள்.

அக்கா திரைக்கு நேராகக் கும்பிட்டார். "சம்மதிச்சுத்தான் சொன்னேங்க சார். எம் புருசனத் தேடுறதுக்கு நம்பர் குடுத்தேன். இவுக அதுல புருசன எடுத்துட்டு நம்பர மட்டும் வச்சுக்கிட்டாங்க. அதுக்கு எங்கிட்ட யாரும் கேக்கலைங்க."

நான் நாற்பது பக்கத்தில் எழுதியதை அவர் நான்கு வரியில் சொல்லிவிட்டார். தீர்ப்பிலும் கிட்டத்தட்ட அதுதான் இருந்தது. ஒரு காரியத்துக்குக் கொடுத்த சம்மதத்தை இன்னொரு காரியத்துக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. கம்பெனிக்கு நூற்றிருபது கோடி அபராதம். விளம்பரங்களையும் வீடியோக்களையும் உடனே அழிக்க வேண்டும்.

நூற்றிருபது கோடி! கடைத்தெருவே என் கடைக்கு வந்துவிட்டது. சூசைராஜ் லட்டு வாங்கி வந்தார். பத்திரிகையில் என் படம் போட்டார்கள், அக்கா படம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பணம் முழுக்க அரசாங்கத்துக்குத்தான், பாதிக்கப்பட்டவர்களுக்குப் பைசா கிடையாது என்று தெரிந்ததும் கூட்டம் கலைந்தது. அந்தக் கம்பெனிக்கும் அது யானைப் பசிக்குச் சோளப்பொரிதான். ஆனாலும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒரு நண்டுக் கொட்டகைக்காரி, ஒரு இ-சேவைக்காரி, ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு மலையை அசைத்துவிட்டோம் என்றிருந்தது.

அக்கா கேட்டது ஒன்றே ஒன்று. "அப்ப இனிமே போன் வராதுல்ல ஈஸ்வரி?"

வந்தது. விளம்பரத்தை அழித்தார்கள், ஆனால் நம்பர் ஆயிரம் பேர் போனில் ஏறிப்போயிருந்தது. எந்தெந்தக் குரூப்பிலோ சுற்றிக்கொண்டிருந்தது. ஐம்பது முப்பதானது, அவ்வளவுதான். ஜெயித்த வழக்கு இப்படிப் பல்லை இளிப்பதை என் தலைக்கனம் ஒப்புக்கொள்ளவில்லை. தீர்ப்பு வந்த ஒன்பதாம் நாள் அக்கா கடையில் உட்கார்ந்திருக்கும்போதே அரை மணி நேரத்தில் ஆறு போன். நான் எழுந்து போய் அவர் கழுத்திலிருந்து போனைக் கழற்றினேன்.

"போதுங்கக்கா. பேர் பதிஞ்சு வச்ச நம்பரத் தவிர வேற எதுவும் மணியடிக்காத மாதிரி வைக்கலாம். அண்ணன் கூப்புடுற மூணு நம்பரையும் பதிஞ்சு வச்சிருவோம். அது மட்டும் வரும்."

"புது நம்பர்லருந்து கூப்புட்டா?"

"ஒம்பது மாசமா இந்த மூணுலதானக்கா வருது. இனிமே எதுக்கு மாறப்போகுது?"

"இல்லடி, வேணாம். பயமா இருக்கு."

"ஒரு மாசம் வச்சுப் பாருங்க. ஒடம்பப் பாத்தீங்களா? அண்ணன் வந்து பாக்குறப்ப நீங்க இருக்க வேணாமா?"

அந்தக் கடைசி வார்த்தைக்குத்தான் அவர் தலையாட்டினார். மூன்று நம்பருக்கும் மாமா ஒன்று, மாமா இரண்டு, மாமா மூன்று என்று பெயர் போட்டு, மற்ற எல்லாவற்றையும் அடைத்துவிட்டேன். போன் மௌனமானது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியிலேயே தலை சாய்ந்து தூங்கிவிட்டார். பகல் பதினொரு மணிக்குத் தூங்கியவர் இரண்டு மணிக்குத்தான் எழுந்தார். வந்தவர்களை எல்லாம் சைகையிலேயே உட்காரச் சொல்லி, அவரைத் தூங்கவிட்டேன். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்து எனக்கு வந்த சந்தோஷம் தீர்ப்பு வந்தபோதுகூட வரவில்லை.

ஒரு வாரத்தில் ஆள் தேறினார். கொட்டகையில் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். ஒருநாள் என் கடை வாசலில் நின்று, "சர்வரு சாப்புட்டுச்சா?" என்று கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கடைசியாகப் பேசிப் பதினெட்டு நாளாகியும் அண்ணன் கூப்பிடவில்லை. அக்கா வந்து நின்றார். "அந்த அடைப்ப எடுத்துரு ஈஸ்வரி" என்றார். "இருபத்தெட்டு நாள்கூட ஆச்சுல்லக்கா அப்ப. முன்னப்பின்ன ஆகும், பொறுங்க" என்றேன் நான். என்னை நம்பித் திரும்பிப் போனார்.

அதற்கு நான்காம் நாள் மீன்வளத் துறை ஆபீஸிலிருந்து ஆள் வந்தார். உடையப்பன் அண்ணனுக்கு மஞ்சள் காமாலை முற்றி, வேறு ஊரில் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்களாம். இறந்து மூன்று நாள் ஆகியிருந்தது.

உடம்பு விமானத்தில் வந்து, திருச்சியிலிருந்து ஆம்புலன்ஸில் ஊர் சேர்ந்தது. எல்லாம் முடிந்து எட்டாம் நாள் காரியமும் கழிந்த பிறகு, அக்கா என் கடைக்கு வந்து போனை மேசைமேல் வைத்தார். "அடச்சு வச்சதெல்லாம் அதுக்குள்ள இருக்கும்ல? காட்டு" என்றார்.

திறந்தேன். தடுக்கப்பட்ட அழைப்புகள் என்று ஒரு பட்டியல். அறுநூற்றுச் சொச்சம். விரலால் தள்ளிக்கொண்டே வந்தேன். நடுவில் ஒரு இடத்தில் இலங்கை எண் ஒன்று, நாங்கள் பதிந்து வைக்காத எண். அதே எண் மறுபடி. மறுபடி. நான்கு நாளில் பதினொரு முறை. அவர் இறப்பதற்கு இரண்டு நாள் முன்போடு நின்றிருந்தது. அண்ணன் அந்தப் பக்கம் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது இந்தப் பக்கம் அக்கா நண்டு உடைத்திருக்கிறார், சாப்பிட்டிருக்கிறார், தூங்கியிருக்கிறார். போன் பக்கத்திலேயே, ஒரு சத்தமும் இல்லாமல்.

ஒவ்வொன்றின் தேதியையும் நேரத்தையும் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். முடிவில் நான் உடைந்து போய், "நாந்தான் கெடுத்தேன் அக்கா, அடிங்க" என்று அவர் காலைப் பிடித்தேன். என்னைத் தூக்கி உட்காரவைத்தார். "நீ நல்லதுக்குத்தான் செஞ்ச" என்றார். செருப்பால் அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். அடைப்பை எடுத்துவிடச் சொன்னார். இப்போதாவது நம்பரை மாற்றிக்கொள்ளுங்கள் என்று நான் சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்து நாகப்பட்டினத்துப் பக்கத்திலிருந்து பெரியண்ணன் என்று ஒருவர் விசாரித்துக்கொண்டு கடைத்தெருவுக்கு வந்தார். அவரும் மீனவர், அவரும் அங்கே சிறையில் இருந்தவர். ஆஸ்பத்திரியில் உடையப்பன் அண்ணனுக்கு அடுத்த கட்டில் அவருடையது. விடுதலையாகி ஊருக்கு வந்து, உடம்பு தேறியதும் நேரே வந்திருக்கிறார். அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினேன். என் கடையில்தான் உட்கார்ந்து பேசினார்கள்.

"அங்கன வார்டுல வேலை பாக்குற ஒருத்தரு போன் குடுத்து ஒதவுனாரு தங்கச்சி. உடையப்பனுக்குக் கை நடுங்கும். அவரு சொல்லச் சொல்ல நாந்தான் அமுக்குவேன். மணியே அடிக்கல, ஒடனே பிஸின்னு வந்துரும். நாலு நாளா அதே கதை. 'இது அமிர்தம் நம்பரா இருக்காது பெரியண்ணே, அவ மொத மணியிலயே எடுத்துருவா'ன்னாரு. நாந்தான் எங்கயோ தப்பாச் சொல்றேன்னு சொல்லி அழுதாரு."

அக்கா நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அப்பறம் அவரே நம்பர மாத்த ஆரம்பிச்சுட்டாரு. முப்பத்தாறா அறுவத்து மூணான்னு எங்கிட்டக் கேப்பாரு. எனக்கு என்ன தெரியும்? மாத்திப் போட்டா யாரோ எடுத்துத் திட்டுவாங்க. 'ஒரே ஒரு நம்பருதான் குடுத்தா, அதையும் தொலைச்சுட்டேன், அவ மூஞ்சில எப்படி முழிப்பேன்'னு சொல்லிக்கிட்டே கெடந்தாரு தங்கச்சி. கடைசி ரெண்டு நாளும் அந்தப் பேச்சுத்தான். வேற எதுவும் சொல்லல."

அக்கா மெதுவாகக் கேட்டார். "அண்ணே, மொதல்ல அவுக சொன்ன நம்பரு ஒங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"பதினோரு தடவ அமுக்குனவன்மா நான். தூக்கத்துலயும் சொல்லுவேன்."

அவர் இரண்டிரண்டாகப் பிரித்து, உடையப்பன் அண்ணன் சொல்கிற மாதிரியே சொன்னார். ஒவ்வொரு துண்டுக்கும் அக்கா ஒரு விரலை மடக்கினார். ஐந்தாவது விரல் முப்பத்தாறுக்கு மடங்கியது.

அக்கா அழவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சரியாத்தான் சொல்லிருக்காக ஈஸ்வரி. அவுககிட்ட அதச் சொல்லத்தான் ஆளில்லாமப் போச்சு."